கைரளி போன இடம்

எங்க சங்கராபுரத்துல நின்னா கல்வராயன் மலைதான் தெரியும். கடலுக்கும் எங்களுக்கும் ஒட்டுமில்ல, உறவுமில்ல. ஆனாலும் ரெண்டு நாளா ஒரு கப்பல் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு மக்களே.

எம்.வி.கைரளி. கேரள அரசோட கப்பல் கழகத்துக்குச் சொந்தமானது. 1979 ஜூன் 30, தென்மேற்குப் பருவமழை வெளுத்து வாங்குற நேரம். கோவாவின் மர்மகோவாவில இருந்து சுமார் 20,000 டன் இரும்புத்தாதோட கிளம்புச்சு. ஜிபூட்டியில எண்ணெய் நிரப்பிட்டு கிழக்கு ஜெர்மனியோட ராஸ்டாக் போகணும். ஜூலை 3 வரைக்கும் ரேடியோவுல பேசினாங்க. அப்புறம் சத்தமே இல்ல.

நாம எழுதுற சர்வர் புரோகிராமே அஞ்சு நிமிஷம் பதில் வரலைன்னா அலாரம் அடிக்கும். இங்க தேட ஆரம்பிக்கவே ஜூலை பாதி ஓடிருச்சு! எதுவும் சிக்கலை.

ஈரமான தாது அலையில குலுங்கிக் குலுங்கி குழம்பாகி ஒரு பக்கமா சரிஞ்சா, கப்பல் சில நிமிஷத்துல கவுந்துடும். நடந்தது இதுதான்னு எனக்குப் படுது. (கடற்கொள்ளைக் கதைகளும் உண்டு, நான் நம்பலை.)

2015ல ஜோக்வின் சூறாவளியில 33 பேரோட மூழ்கின அமெரிக்க சரக்குக் கப்பல் எல் ஃபாரோ. அதோட பதிவுப்பெட்டியை 15,000 அடி ஆழத்துல இருந்து எடுத்து, கடைசி 26 மணி நேரப் பேச்சைக் கேட்டாங்க. கைரளியில அப்படி ஒரு பெட்டியே கிடையாது. எங்கயாவது கரையேறியிருப்பாங்கன்னு குடும்பங்கள் வருஷக்கணக்கா காத்துக்கிட்டு இருந்தாங்க.