சார்பியல் நூலும் அதன் மொழிபெயர்ப்பாளரும்

துறைநூல் மொழிபெயர்ப்பு, ஒரு துறை வளர்ந்து நிலைபெற்ற பின்னர் நிகழும் பணி எனக் கருதப்படுவதுண்டு. கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1920இல் வெளியிட்ட சார்பியல் நூலின் வரலாறு இக்கருத்திற்கு மாறாக அமைகிறது.

ஐன்ஸ்டைன், மின்கோவ்ஸ்கி ஆகியோரின் ஜெர்மன் கட்டுரைகளை மேகநாத் சாகாவும் சத்யேந்திரநாத் போஸும் ஆங்கிலத்தில் பெயர்த்தனர். மகலனோபிஸ் வரலாற்று முன்னுரை எழுதினார். சார்பியல் மூலக் கட்டுரைகள் ஆங்கிலத்தில் தொகுப்பாக வெளிவந்தது இதுவே முதன்முறை. மொழிபெயர்த்தோர் இருவரும் முப்பது வயதை எட்டாத விரிவுரையாளர்கள். அவர்கள் கற்பிக்க வேண்டிய புதிய இயற்பியலுக்கு ஆங்கிலத்தில் போதிய நூல்கள் இருக்கவில்லை. ஆகவே ஜெர்மன் மொழியைப் பயின்று மூலத்தை அணுகினர்.

1924இல் டாக்காவிலிருந்து போஸ், பிளாங்க் விதி பற்றித் தாம் ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரையை ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டைனே அதனை ஜெர்மனில் பெயர்த்து வெளியிடச் செய்தார். குவாண்டம் புள்ளியியல் அக்கட்டுரையிலிருந்து தொடங்குகிறது.

ஆயினும் 1920ஆம் ஆண்டு நூல் வங்க மாணவரை ஆங்கிலத்தின் வழியாகவே அடைந்தது. தாய்மொழியில் அறிவியலைப் பரப்பும் நோக்குடன் போஸ் 1948இல் வங்கீய விஞ்ஞான பரிஷத்தை நிறுவினார். கலைச்சொற் பட்டியல்கள் மட்டும் துறைநூலை உருவாக்கா. கற்பிக்கும் தேவையுடைய துறையறிஞர் மொழிபெயர்ப்பிலும் ஈடுபடுதல் வேண்டும் என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.