மதராஸில் வந்து இறங்கிய வழிகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கப்பலில் மதராஸுக்கு வந்தவருக்குக் கோட்டை கண்ணெதிரே தெரியும். கரையில் கால் வைப்பதுதான் பெரும்பாடு. துறைமுகம் என்று ஒன்று கிடையாது. கப்பல் தள்ளியே நங்கூரம் போட்டு நிற்கும். மசூலா படகுகள் அலையைத் தாண்டிப் போய் ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றி வரும். அந்தப் படகில் ஓர் ஆணிகூட இருக்காது, பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகு மணலில் மோதினால் பிளந்துவிடும். தைத்த படகு நெளிந்து கொடுத்துத் தப்பிக்கும். கரைக்கு அருகே வந்ததும் துரைமார்களையும் அவர்கள் வீட்டுப் பெண்களையும் படகோட்டிகள் தூக்கிக்கொண்டுபோய் மணலில் இறக்கிவிடுவார்கள். ஊரை ஆள வந்தவர்கள் முதலில் உயிரை ஒப்படைத்தது படகோட்டிகளிடம்தான்.

இன்று சென்னையைச் சுற்றிப் பார்க்க வருபவர்களுக்குக் காட்டப்படும் பழைய கட்டடங்களில் பல, இப்படி வந்து இறங்குபவர்களுக்காக எழுந்தவை. கலங்கரை விளக்கங்களையே எடுத்துக்கொள்ளலாம். முதல் விளக்கு 1796இல் கோட்டைக்குள் இருந்த ஒரு கட்டடத்தின் மாடியில் எரிந்தது. அந்தக் கட்டடம்தான் இப்போது கோட்டை அருங்காட்சியகம். 1844இல் அதற்கு மாற்றாகக் கருங்கல் தூண் ஒன்று எழுந்தது. உயர்நீதிமன்ற வளாகத்தில் அது இன்னும் நிற்கிறது. ஆனால் வழக்கு இல்லாதவர் அந்தப் பக்கம் போவது அபூர்வம். 1894இல் விளக்கு உயர்நீதிமன்றக் கோபுரத்துக்கே குடியேறியது. பகலில் வழக்கு நடந்த கட்டடம் இரவில் கப்பலுக்கு வழி காட்டியது. மெரினாவில் இப்போது இருக்கும் சிவப்பு வெள்ளைக் கோபுரம் 1977இல் வந்தது.

துறைமுக வேலை 1870களில்தான் தொடங்கியது. முடியும் தறுவாயில் 1881ஆம் ஆண்டுப் புயல் அலைதடுப்புச் சுவர்களை அடித்து நொறுக்கிவிட்டது, மறுபடியும் கட்டினார்கள். அந்தச் சுவர், யாரும் திட்டமிடாத ஒரு வேலையையும் செய்தது. தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை அது மறித்ததால், தென்புறம் கரை ஆண்டுக்காண்டு அகன்றது. மெரினாவின் இத்தனை அகலமான மணல்வெளி பெரும்பாலும் அப்படி வந்ததுதான். வடபுறம் ராயபுரம் பக்கத்தில் கடல் கரையைத் தின்னத் தொடங்கியது. ஒரு பக்கம் சுண்டல் விற்க இடம் கிடைத்தது, இன்னொரு பக்கம் மீனவர் வீடுகள் போயின. சுற்றுலாக் கையேடுகள் முதல் பாதியை மட்டும் சொல்கின்றன.

அதே ராயபுரத்தில்தான் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது. 1856 ஜூன் 28 அன்று கவர்னர் ஹாரிஸ் பிரபு நிலையத்தைத் திறந்து வைத்தார். ஜூலை 1 முதல் வாலாஜா ரோடு வரை, சுமார் 100 கிலோமீட்டருக்கு, வண்டி ஓடியது. பம்பாயிலும் தாணாவிலும் அதற்கு முன்பே ரயில் ஓடியிருந்தாலும் அங்கிருந்த முதல் நிலையங்கள் இன்று இல்லை. அதனால் இந்தியாவில் மிஞ்சி நிற்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் ராயபுரத்துடையது. உயர்ந்த தூண் வரிசையோடு அது மாளிகைபோலத்தான் இருக்கிறது. அதைப் பார்ப்பதற்கென்றே அங்கே இறங்குபவர்களைத்தான் காணோம்.

வெளியூர்க்காரர்களை இன்றும் குழப்பும் கேள்வி ஒன்று உண்டு: சென்னைக்கு ஏன் இரண்டு பெரிய ஸ்டேஷன்? காரணம் கம்பெனிகள். மெட்ராஸ் ரயில்வேயின் அகலப்பாதைக்கு 1873இல் சென்ட்ரல் வந்தது. பம்பாய், கல்கத்தா வண்டிகள் அங்கே நின்றன. தென்னிந்திய ரயில்வே மீட்டர்கேஜ் கம்பெனி. அதற்கு 1908இல் எழும்பூர் கட்டினார்கள். ஹென்றி இர்வின் வரைபடம் போட, சாமிநாத பிள்ளை சுமார் 17 லட்சம் ரூபாயில் கட்டி முடித்தார். காரை நடைமேடை ஓரம் வரை ஓட்டிவந்து பெட்டி படுக்கையை இறக்கும் வசதியும் அங்கே இருந்தது. மீட்டர்கேஜ் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. தென்மாவட்டத்துக்காரருக்கு ஊருக்குப் போவதென்றால் இன்றும் எழும்பூர்தான்.

போட் மெயில் என்ற ரயிலும் எழும்பூரிலிருந்தே புறப்பட்டது. 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, ஒரே டிக்கெட்டில் கொழும்பு வரை போகலாம்: தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல், மறுபடி ரயில். முதல் வகுப்புப் பயணிகள் சொகுசாகக் கடல் தாண்டினார்கள். தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளர்கள் மண்டபம் முகாமில் மருத்துவச் சோதனைக்காகக் காத்துக் கிடந்தார்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையும் அந்தத் தண்டவாளத்தையும் சேர்த்தே கொண்டுபோயிற்று.

ஊருக்குள் வந்தவர்களை ஏற்றித் திரிந்தது டிராம். 1895 மே மாதம் ஓடத் தொடங்கிய மின்சார டிராமுக்கு முதலில் தரைக்கடியில் மின்சாரம் கொடுத்துப் பார்த்தார்கள். மதராஸ் மழை சும்மா விடுமா? கம்பிகள் தலைக்கு மேலே போயின. நஷ்டத்தில் தவித்த கம்பெனி 1953 ஏப்ரலில் மூடப்பட்டது. கல்கத்தா தன் டிராமை அதன் பிறகும் பல பத்தாண்டுகள் ஓட்டியது. சென்னை மட்டும் துறைமுகத்தருகே ஒரு மைலாவது விட்டுவைத்திருந்தால், அதில் ஏறவே ஒரு கூட்டம் வந்திருக்கும்.

இனி மிச்சம், தூண்கள் மேல் ஓடும் பறக்கும் ரயில். 1995இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கி, பின்னர் வேளச்சேரி வரை நீண்டது. ஒரு காலத்தில் விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் போன பக்கிங்காம் கால்வாயை ஒட்டியே, சில இடங்களில் அதற்குள்ளேயே, தூண்களை ஊன்றியிருக்கிறார்கள். கால்வாயைக் கொன்றதில் இந்தத் தூண்களுக்கும் பங்குண்டு. இருந்தாலும் சில ரூபாயில் இவ்வளவு ஊரைக் காட்டும் வண்டி வேறில்லை: சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானம், திருவல்லிக்கேணி மொட்டை மாடிகள், அப்புறம் ‘கலங்கரை விளக்கம்’ என்றே பெயர் வைத்த ஒரு நிலையம். அங்கே இறங்கி மெரினா பக்கம் நடந்தால் 1977ஆம் ஆண்டுக் கோபுரம். லிஃப்ட் இருப்பதால் முதியவர்களும் மேலே போய்வரலாம். திங்கட்கிழமைகளில் மூடியிருப்பது வழக்கம்.