பருத்தியும் பங்குப் பத்திரமும்

பொருளை ஈட்டுதல் ஒரு திறமை. ஈட்டியதைத் தக்க இடத்தில் முதலீடு செய்தல் மற்றொரு திறமை. பின்னதற்குக் கணக்கறிவு ஒன்றே போதும் என்பது பலர் கருத்து. வரலாறும் இலக்கியமும் பயிலும் பிள்ளையைக் கண்டு, 'வயிற்றுக்கு உதவாத படிப்பு' என்று இரங்குவோர் நம் குடும்பங்களிலும் உளர். நாம் குடியேறி வாழும் இம்மும்பை மாநகரின் பழங்கதையோ வேறொன்று கூறுகிறது.

1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. வடபகுதிக் கடற்படை தென்பகுதித் துறைமுகங்களை முற்றுகையிட்டது. அமெரிக்கப் பருத்தியை நம்பியிருந்த இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் பஞ்சின்றித் தவித்தன. இந்தியப் பருத்தியின் விலை வெகுவாக ஏறிற்று. பம்பாய்த் துறைமுகத்தில் செல்வம் வந்து குவிந்தது. அச்செல்வத்தைக் கொண்டு புதிய வங்கிகளும், கடலைத் தூர்த்து நிலமாக்கும் கம்பெனிகளும் காளான்களெனத் தோன்றின. வணிகரும் குமாஸ்தாக்களும் பங்குகளை வாங்க முந்தினர். பம்பாய் வங்கியோ பங்குகளையே ஈடாகப் பெற்றுக் கடன் வழங்கியது.

1865 ஏப்ரலில் தென்பகுதித் தளபதி லீ சரணடைந்தார். பருத்தி விலை சரிந்தது. தவணை பேசி வாங்கிய பங்குகளுக்குப் பணம் செலுத்த வேண்டிய ஜூலை 1ஆம் நாள் வந்தபோது, கொடுப்பதற்குப் பலரிடம் பணமில்லை. 2,850 ரூபாய் வரை விற்ற பம்பாய் வங்கியின் பங்கு 87 ரூபாய்க்கு வீழ்ந்தது. 1868இல் அவ்வங்கியே கலைக்கப்பட்டது.

அன்றைய தரகர்கள் கணக்கில் வல்லவர்களே. ஆயின், அக்கணக்கெல்லாம் தொலைதூரத்துப் போர் ஒன்றின் மீது நின்றது என்பதை எண்ணிப் பார்த்தோர் சிலரே. போர்கள் ஓயும், மூடிய துறைமுகங்கள் திறக்கும், பழைய வாணிகம் திரும்பும் என்பது வரலாறு பயின்றார்க்குப் புதிய செய்தியன்று. அண்டை வீட்டான் செல்வனானான் எனக் கேட்ட மாத்திரத்தில் மனித மனம் எவ்வாறு தடுமாறும் என்பதை இலக்கியம் நமக்குக் காட்டுகிறது. காரணத்தையும் காரியத்தையும் பிரித்தறியத் தத்துவம் பயிற்றுகிறது.

அந்நாளைய பெருந்தரகர் பிரேம்சந்த் ராய்சந்த் ஏற்றக் காலத்தில் வழங்கிய கொடையால் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் நூலகமும், 1878இல் நிறைவெய்திய ராஜாபாய் கோபுரமும் எழுந்தன. பங்குகள் பல காகிதமாய்ப் போயின. நூலகம் இன்றும் நிற்கிறது.

ஆகவே, சேமிப்பை ஓரிடத்தில் இடுமுன், 'இந்த இலாபம் எதனால் வருகிறது? அக்காரணம் எத்துணைக் காலம் நிலைக்கும்?' என்று வினவுவோமாக. அவ்வாறு வினவக் கற்பிக்கும் கலைகளை நம் மக்கள் விரும்பிப் பயில முன்வருவாராயின், தடை சொல்லாது வாழ்த்துவோமாக.