ராக்லண்ட் அய்யரும் எங்க சித்தியும்

ஆமத்தூர்ப் பக்கத்து ஆளுங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தூரத்துல 'டமார்'னு சத்தம் கேட்டா, செய்யற வேலையை அப்படியே போட்டுட்டு வாசலுக்கு வந்து வானத்தைப் பார்ப்பாங்க. கிணறு வெட்ட வெடி வெச்சதா இருந்தா நிம்மதி. புகை மொத்தமா மேல எழும்புச்சுன்னா அவ்ளோதான். எந்தத் திசை, எந்த பயராபீஸ், யார் வீட்டு ஆள் அங்க வேலைக்குப் போறாங்கன்னு மனசு கணக்குப் போட ஆரம்பிச்சுடும். (பயராபீஸ்னா பட்டாசுத் தொழிற்சாலை. 'ஃபயர்', 'ஆபீஸ்' ரெண்டும் சேர்ந்து எங்க பக்கத்து வாயில அப்படி ஆயிடுச்சு.)

எங்க சித்தி ரொம்ப வருஷமா அந்த வேலைக்குப் போறாங்க. பட்டாசுக்கு மருந்து செலுத்துற வேலை. ஞாயிற்றுக்கிழமை தவறாம கோயிலுக்கும் போவாங்க. (சர்ச்சைத்தான் நாங்க கோயில்னு சொல்லுவோம்.) 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டி விபத்துல 40 பேர் வரைக்கும் இறந்துபோனாங்க. நான் அப்போ பள்ளிக்கூடத்துல படிச்சிட்டிருந்தேன். "இனிமே போகாதீங்க சித்தி"ன்னு அழாத குறையா கேட்டேன். "ஜெபம் பண்ணிட்டுத்தானய்யா போறேன், கவலப்படாத"ன்னாங்க.

எனக்குக் கோபம்தான் வந்துச்சு. செத்துப்போனவங்க யாருமே காலையில சாமி கும்பிடாமலா வேலைக்குப் போனாங்க? மருந்து அதே மருந்து. ஆபத்து அதே ஆபத்து. அப்புறம் ஜெபம் எப்படிக் கவலையைக் குறைக்கும்? ரொம்ப நாள் இந்தக் கேள்வி என்கிட்டயே இருந்துச்சு. கொஞ்சம் வெளிச்சம் கிடைச்சது எங்க பக்கத்து மிஷன் வரலாற்றைப் படிச்சப்போதான். சிவகாசியில 1858-ல செத்துப்போன ஒரு கணக்குப் புலியோட கதை அது.

தாமஸ் கஜெடன் ராக்லண்ட். பொறந்தது 1815-ல, ஜிப்ரால்டர்ல. சின்ன வயசுலேயே அப்பா அம்மா ரெண்டு பேரையும் இழந்தவர். கேம்பிரிட்ஜ் போய்ப் படிச்சு, 1841-ஆம் வருஷ கணிதப் பரீட்சையில நாலாவது இடம் வாங்கினார். அதே பரீட்சையில முதல் இடம் யாருக்குத் தெரியுமா? ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ். இன்ஜினியரிங் படிச்சவங்களுக்கு இந்தப் பேரைக் கேட்டதும் திரவ இயக்கவியல் பேப்பர் ஞாபகம் வந்து வயித்தக் கலக்கும் :) அவரேதான். அப்படிப்பட்ட கூட்டத்துல நாலாவதா வந்த மனுஷன். கேம்பிரிட்ஜிலேயே சொகுசா காலத்தை ஓட்டியிருக்கலாம்.

அவரு சென்னைக்கு வந்தார். சர்ச் மிஷனரி சங்கத்தோட செயலாளர் வேலை. கடிதம், கணக்கு, கமிட்டி. இப்போ நாம 'மேனேஜ்மென்ட்'னு சொல்றோமே, அதேதான். அந்த வேலையா திருநெல்வேலிச் சீமைக்கும் போய்வந்தார். அப்போ விருதுபட்டி, சாத்தூர், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லாமே திருநெல்வேலி ஜில்லாதான். 1910-ல ராமநாதபுரம் ஜில்லா உருவானதுக்கு அப்புறம்தான் இந்தப் பக்கம் பிரிஞ்சுது. விருதுநகர் மாவட்டம் வந்தது 1985-ல.

தெற்கே பாளையங்கோட்டை, மெஞ்ஞானபுரம் பக்கமெல்லாம் அப்பவே பெரிய சபைகள், பள்ளிக்கூடங்கள், பங்களாக்கள். வடக்கே, அதாவது நம்ம கரிசல் பக்கம், ஏறக்குறைய ஒண்ணுமே கிடையாது. ராக்லண்ட் ஒரு திட்டம் போட்டார். பங்களா வேண்டாம். ஓரிடத்துல உட்கார வேண்டாம். கூடாரத்தைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊரா போறது, போன ஊருக்கே திரும்பத் திரும்பப் போறது. டேவிட் ஃபென், மெடோஸ்னு ரெண்டு இளைஞர்களையும் சேர்த்துக்கிட்டு 1854-ல வேலையை ஆரம்பிச்சார். தெற்கத்திச் சபைகள்ல இருந்து தமிழ் உபதேசியார்களும் முறை வெச்சு வந்து கூட நடந்தாங்க. பிற்காலத்துல சென்னையில பேர் பெற்ற போதகர் சத்தியநாதன் இந்தக் குழுவுல இருந்தவர்தான். ராக்லண்டைப் பத்திப் பேசுறவங்க இவங்களை மறந்துடுறாங்க. அந்த வெயில்ல நடந்தவங்க அவங்களும்தானே?

இப்போ நம்ம மேட்டருக்கு வரேன். ராக்லண்ட் ஒண்ணும் பயமறியாத வீரர் இல்ல. கூச்ச சுபாவம். 'இந்த வேலைக்கு நான் லாயக்கா?'ன்னு தன்னையே கேட்டுக்கிற ரகம். அதோட நுரையீரல் வேற பலவீனம். கரிசக்காட்டு வெயில்ல துணிக் கூடாரத்துக்குள்ள குடியிருக்க அவரைவிடப் பொருத்தமில்லாத ஆளைத் தேடினாலும் கிடைக்காது. இதுக்கு நடுவுல 1857 வேற வந்துச்சு. வடக்கே வெள்ளைக்காரங்க கொல்லப்படுற செய்திகள். இங்கே ஜனங்களுக்கு மத்தியில, ஒரு துணிக்கூடாரத்துல இவங்க. கம்பெனி ஆட்சியோட நிழல்ல வந்தவங்கதானேன்னு கேட்டா, ஆமா, அதை மறைக்க வேண்டியதில்ல. ஆனா அந்த நிழல் நுரையீரலுக்கு மருந்து ஆகலை. அடுத்த வருஷமும் அவர் சிவகாசியிலதான் இருந்தார்.

1858 அக்டோபர் 22. நுரையீரல்ல ரத்தக்குழாய் வெடிச்சு, சிவகாசியிலேயே இறந்துபோனார். வயசு 43.

நாலரை வருஷ உழைப்பு. கையில காட்ட பெரிய எண்ணிக்கை எதுவும் இல்ல. ஒரு ப்ராஜெக்ட்னு பார்த்தா 'ஃபெயில்'னு எழுதி மூடிடுவாங்க. ஆனா அவர் எதிர்பார்த்ததே வேற. யோவான் 12-ஆம் அதிகாரத்துல நிலத்துல விழுந்து சாகிற கோதுமை மணியைப் பத்தி இயேசு சொல்வார் இல்லையா, வேலை செய்ய அதைவிட உறுதியான வழி கிடையாதுன்னு ராக்லண்ட் நம்பினார். விதைச்சவன் அறுவடையைப் பார்க்கணும்னு கட்டாயமில்ல. முடிவு நம்ம கையில இல்லன்னு ஒத்துக்கிட்டா, இன்னைக்குப் போக வேண்டிய ஊர் எதுன்னு மட்டும் பார்த்தா போதும்.

இது எனக்குப் பொட்டுல அடிச்ச மாதிரி இருந்துச்சு. நான் அதுவரைக்கும் விசுவாசத்தை ஒரு இன்சூரன்ஸ் பாலிசி மாதிரி நினைச்சிருந்தேன். பிரீமியம் கட்டினா விபத்து நடக்காது. மத்தேயு 6-ல நாளைக்காகக் கவலைப்பட வேண்டாம்னு இயேசு சொல்ற இடத்தை நல்லாக் கவனிங்க. நாளைக்கு எதுவும் நடக்காதுன்னு அவர் அங்கே உறுதி கொடுக்கலை. ஒவ்வொரு நாளுக்கும் அதோட பாடு இருக்குன்னு ஒத்துக்கிட்டுத்தான் பேசுறார்.

ராக்லண்ட் கதை சிவகாசியோட முடியலை. அவருக்கு அப்புறம் சாட்சியாபுரம் இந்தப் பக்கத்து மிஷன் வேலைக்கு மையமா வளர்ந்துச்சு. தெற்கே டோனாவூர்ல இன்னொருத்தர் அவரோட வாழ்க்கையை ஊன்றிப் படிச்சாங்க. ஏமி கார்மைக்கேல். 1895-ல இந்தியா வந்து, 1901-ல இருந்து ஆபத்துல இருந்த குழந்தைகளை எடுத்து வளர்த்த அம்மா. ராக்லண்டைப் பத்தி ஒரு புத்தகமே எழுதினாங்க. அத்தனை பிள்ளைகளுக்கும் சாப்பாடு போடணும், ஆனா மனுஷங்ககிட்ட பணம் கேட்கிறதில்லைன்னு கொள்கை. எவ்வளவு ராத்திரி முழிச்சிருப்பாங்கன்னு நினைச்சுப் பாருங்க.

அப்புறம் 1931-ல ஒரு நாள் குழியில தவறி விழுந்தாங்க. குணமாகணும்னு எல்லாரும் ஜெபம் பண்ணாங்க. ஆகலை. 1951-ல சாகுற வரைக்கும் ஏறக்குறைய 20 வருஷம் பெரும்பாலும் அறைக்குள்ளேயே, வலியோட. அந்த அறையில இருந்துதான் நிறைய புத்தகங்கள் எழுதினாங்க. ராக்லண்டுக்காவது ஒரே நாள்ல முடிஞ்சுது. இவங்க ஒவ்வொரு நாள் காலையிலயும் அதே கணக்கைப் புதுசா போட வேண்டியிருந்துச்சு.

போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனப்போ சித்திகிட்ட இந்தக் கதையைச் சொன்னேன். முறத்துல அரிசி புடைச்சுக்கிட்டே கேட்டாங்க.

"இந்த வெயில்லயா கூடாரத்துல இருந்தாரு? அதும் நெஞ்சு நோவோட... பாவம்யா."

நான் மெதுவா பழைய கேள்வியை எடுத்தேன். "நீங்க காலையில என்னன்னு சித்தி ஜெபம் பண்ணுவீங்க? விபத்து நடக்கக் கூடாதுன்னா?"

"அதையும் கேப்பேன். ஆனா அத மட்டுமே நெனச்சுக்கிட்டுப் போனா கை நடுங்கும்யா. கை நடுங்குனா மருந்து சிந்தும். அதனால கை நடுங்காம இருக்கணும்னு கேப்பேன். மத்தத அவரு பாத்துக்கிடட்டும்."

கொஞ்ச நேரம் கழிச்சு அவங்களே சொன்னாங்க: "ஒரு ரூம்ல நாலு பேருதான் இருக்கணும். அஞ்சாவது ஆள உள்ள விட்டா நான் எந்திரிச்சு வெளிய வந்திருவேன். மேஸ்திரி திட்டுவாரு. திட்டட்டும்."

இதுதான் எனக்கு முக்கியமாப் பட்டுச்சு. கடவுள் பாத்துக்குவார்னு சொல்லிட்டு விதியை மீறுற முதலாளிக்கும் சித்திக்கும் இருக்கிற வித்தியாசம் இதுலதான் இருக்கு. அவங்க நம்பிக்கை அவங்களை அசட்டையா ஆக்கலை, கவனமா ஆக்கியிருக்கு. கூடாரம் எங்கே போடணும், அடுத்து எந்த ஊர்னு ராக்லண்ட் திட்டம் போட்டாரே, அது மாதிரிதான். செய்ய வேண்டியதை எல்லாம் செஞ்சுட்டு, மிச்சத்தை விட்டுக்கொடுக்கிறது.

எனக்கு இன்னும் பயம் போகலை. ஊர்ல இருந்து நேரங்கெட்ட நேரத்துல போன் வந்தா இப்பவும் நெஞ்சு ஒரு தடவை நின்னு ஓடும். ஆனா முன்ன மாதிரி "வேலையை விடுங்க"ன்னு வெறுமனே சண்டை போடுறதில்ல. வேற வேலை ஏதாவது சித்திக்கு அமையுமான்னு பார்த்துக்கிட்டிருக்கேன். தினமும் காலையில ஆபீஸுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம், அவங்க கை நடுங்காம இருக்கணும்னு நானும் கேட்டுக்கிறேன்.