கம்பிக்கு உள்ளிருந்து ஒரு வீடியோ கால்

பி.காம். படிப்பவனுக்குச் சிறைச்சாலையில் என்ன வேலை என்று சிரிக்காதீர்கள். போட்டி கூடினால் விலை குறையும் என்று முதல் வருடத்திலேயே மனப்பாடம் செய்தவர்கள்தானே நாமெல்லாம்? போட்டி கூடக் கூட விலை ஏறிய ஒரு சந்தையைப் பற்றி அண்மையில் படித்தேன். அமெரிக்கச் சிறைகளின் தொலைபேசிதான் அது.

கணக்கு எளிது. எந்தக் கம்பெனிக்குக் காண்ட்ராக்ட் என்று முடிவு செய்வது சிறை நிர்வாகம். பணம் கட்டுவது கைதியின் குடும்பம். வசூலில் ஒரு பங்கு கமிஷனாக நிர்வாகத்துக்கே திரும்பி வந்தது. எனவே பல இடங்களில், யார் அதிகக் கமிஷன் தந்தாரோ அவருக்கே டெண்டர். அந்தக் கமிஷன் யார் தலையில் விழும் என்று சொல்லத் தேவையில்லை. கம்பெனியை மாற்றிக்கொள்ளக் குடும்பத்துக்கு வழியும் கிடையாது. 15 நிமிடம் பேச 17 டாலர் வரை வாங்கிய காலம் உண்டு.

இதை எதிர்த்தவர் வாஷிங்டனைச் சேர்ந்த மார்த்தா ரைட் என்ற பாட்டி. ஓய்வு பெற்ற நர்ஸ். கண் பார்வை இல்லை, கடிதம் படிக்க முடியாது. தூரத்துச் சிறையில் இருந்த பேரனின் குரல்தான் அவருக்கு எல்லாம். 2000-ல் வேறு சிலரோடு சேர்ந்து வழக்குப் போட்டார். நீதிமன்றமோ, மத்தியத் தகவல் தொடர்பு ஆணையத்திடம் போகச் சொன்னது. 2003-ல் அங்கே மனு. முடிவு வந்தது 2013-ல்! மாநிலம் விட்டு மாநிலம் பேசும் அழைப்புக்கு மட்டும் உச்சவரம்பு வந்தது, நிமிடத்துக்கு 21 முதல் 25 சென்ட். 2015-ல் பாட்டி காலமானார்.

அதற்குள் வீடியோ கால் வந்துவிட்டது. பார்க்க முடிகிறதே, நல்லதுதானே என்று நானும் நினைத்தேன். ஆனால் செக்யூரஸ் என்ற பெரிய கம்பெனி, வீடியோ வந்தால் நேரில் பார்க்கும் வசதியை நிறுத்த வேண்டும் என்று பல சிறைகளோடு ஒப்பந்தமே போட்டிருந்தது. 20 நிமிடத்துக்குச் சுமார் 13 டாலர் வரை கட்டணம். இலவசமாகக் கிடைத்ததை மூடிவிட்டு அதையே விற்பது! இதற்குப் பாடப்புத்தகத்தில் என்ன பெயர் என்று தேடிக்கொண்டிருக்கிறேன் :-) எதிர்ப்பு வலுக்க, 2015-ல் அந்த நிபந்தனையைக் கைவிட்டு, முடிவைச் சிறை நிர்வாகங்களிடமே விட்டது.

2017-ல் இன்னொரு அடி. மாநிலத்துக்குள் பேசும் அழைப்புக்கு வரம்பு வைக்க ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை என்றது நீதிமன்றம். அதைச் சரிசெய்ய 2023 ஜனவரியில் ஒரு சட்டம் வந்தது. அதற்கு வைத்த பெயர் மார்த்தா ரைட்-ரீட் சட்டம். வீடியோ அழைப்பும் அதில் சேர்ந்தது. 2024 ஜூலையில் முதன்முறையாக வீடியோவுக்கு வரம்பு, இடத்தைப் பொறுத்து நிமிடத்துக்கு 11 முதல் 25 சென்ட். கமிஷனுக்கும் தடை.

அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள், 2025 ஜூனில் அதே ஆணையம் பெரும்பாலான விதிகளை 2027 ஏப்ரலுக்குத் தள்ளிப்போட்டது. அக்டோபரில் வரம்புகளையே உயர்த்தி வாக்களித்தது.

கனெக்டிகட் மாநிலம் மட்டும் 2021-லேயே வேறு வழியில் போனது. கைதிகளின் அழைப்புகளை இலவசமாக்கிச் சட்டம் போட்டது. கலிபோர்னியாவும் மாசசூசெட்ஸும் 2023-ல் பின்தொடர்ந்தன. அங்கெல்லாம் காண்ட்ராக்ட் போடுகிறவரும் பில் கட்டுகிறவரும் இப்போது ஒருவரே.