புகழ்ச்சியின் எல்லை: கிறித்தவ இறைக்கொள்கை பற்றிய இஸ்லாமிய நோக்கும் பம்பாய் விவாதங்களும்

மும்பையில் தமிழர் செறிந்து வாழும் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளுள் சமயக் கலப்பால் தனித்து நோக்கத்தக்கது தாராவியாகும். தோல் பதனிடும் தொழிலை ஒட்டித் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து குடிபெயர்ந்த தமிழ் முஸ்லிம்களும், அதே மண்ணிலிருந்து வந்த கிறித்தவர்களும் இந்துக்களும் அங்கு அடுத்தடுத்த சந்துகளில் வாழ்ந்து வருகின்றனர். அங்குள்ள பெரிய பள்ளிவாசல் 1887இல் தமிழ் முஸ்லிம்களால் எழுப்பப்பெற்றது என்பர். இருப்புப்பாதையைக் கடந்து மேற்கே சென்றால் மாகிம். அங்கே மக்தூம் அலி மாஹிமியின் (1372-1431) தர்காவும், போர்ச்சுகீசியர் காலத்துப் புனித மிக்கேல் ஆலயமும் ஒன்றுக்கொன்று நடந்து செல்லும் தொலைவில் உள்ளன. தர்காவில் போர்வை சாத்துவோரும், 1948 முதல் புதன்கிழமைதோறும் நடைபெறும் சகாய மாதா நவநாளுக்கு வருவோரும் ஒரே சமயத்தவர் அல்லர்.

ஓரிறைக் கொள்கையிலிருந்து கிறித்தவம் எவ்வாறு விலகிற்று என்பது குறித்து இஸ்லாத்துக்குத் தெளிவானதொரு கருத்து உண்டு. அக்கருத்து இன்று மேடைகளிலும் குறுநூல்களிலும் பெரும்பாலும் 'வேதத்தை மாற்றிவிட்டனர்' என்ற குற்றச்சாட்டாகவே வழங்குகிறது. ஆனால் குர்ஆன் கூறும் விளக்கம் அதனினும் வேறுபட்டது. அது புகழ்ச்சி எவ்வாறு வழிபாடாகிறது என்பது பற்றிய விளக்கம். முன்னதன் நிழலில் பின்னது மறைந்த வரலாற்றில் பம்பாய்க்கும் ஓர் இடம் உண்டு. அவ்வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

குர்ஆன் கூறும் காரணம்

ஈசா நபியைக் குர்ஆன் குறைத்துப் பேசவில்லை. அவர் தந்தையின்றிப் பிறந்தவர், இன்ஜீல் அருளப்பெற்றவர், மஸீஹ் என்ற பட்டத்துக்கு உரியவர். குர்ஆனில் பெயர் சுட்டி அழைக்கப்பெறும் ஒரே பெண் அவருடைய தாய் மர்யம். பத்தொன்பதாம் அத்தியாயம் அவர் பெயராலேயே வழங்குகிறது. தந்தையின்றிப் பிறந்தமை இறைத்தன்மைக்குச் சான்றாகாது, ஆதமுக்குத் தந்தையும் இல்லை தாயும் இல்லை என்பது 3:59இன் கருத்து.

விலகலுக்கான காரணத்தை 4:171, 5:77 ஆகிய வசனங்கள் சுட்டுகின்றன. வேதமுடையோர் தம் மார்க்கத்தில் எல்லை மீறலாகாது என அவை எச்சரிக்கின்றன. எல்லை மீறுதலைக் குறிக்கும் அரபுக் கலைச்சொல் 'குலுவ்வு' என்பது. வஞ்சகத்தால் நேர்ந்த பிழையாக அன்றி, அன்பு அளவு கடந்ததால் நேர்ந்த பிழையாகவே இது காட்டப்பெறுகிறது. மறுமையில் ஈசா நபியிடமே வினவப்படுவதாகவும், தம்மையும் தம் தாயையும் தெய்வங்களாகக் கொள்ளுமாறு தாம் சொல்லவில்லை என அவர் மறுப்பதாகவும் 5:116 அமைகிறது. ஆசிரியர் குற்றமற்றவர், பின்பற்றியோரின் மிகையே விலகல் என்பது இதனால் பெறப்படும். திரியேகத்தில் மரியாளுக்கு இடமில்லை எனக் கிறித்தவர் இவ்வசனத்துக்கு மறுப்புக் கூறுவதுண்டு. இங்குப் பேசப்படுவது கோட்பாட்டு வரையறை அன்று, மக்களின் வழிபாட்டு வழக்கமே என்பது முஸ்லிம் உரையாளர் பலர் தரும் விடை.

இவ்விளக்கம் கிறித்தவர்க்கு மட்டும் உரியதன்று. நூஹ் நபியின் மக்கள் வழிபட்டனவாக 71:23 கூறும் ஐந்து பெயர்களும் முன்னாளில் வாழ்ந்த நல்லோரின் பெயர்களே என்று இப்னு அப்பாஸ் கூறியதாக புகாரியின் தொகுப்பில் ஒரு செய்தி உள்ளது. நினைவுக்காகச் சின்னங்கள் வைத்தனர். வைத்தவர் மறைந்தபின் வந்தோர் வணங்கலாயினர். வீரனுக்குக் கல் நட்டு, பெயரும் பீடும் எழுதி, இறுதியில் வாழ்த்தலில் முடியும் நடுகல் மரபைக் கற்றோர்க்கு இவ்வளர்ச்சி புதிதன்று. தமிழ் மரபு பெருமையோடு போற்றும் ஒன்றையே இஸ்லாம் அச்சத்தோடு நோக்குகிறது என்பதுதான் வேறுபாடு.

இடைக்கால அறிஞர்கள் இக்கருத்தை வரலாறாக விரித்தனர். பாக்தாதில் பயின்று ரய் நகரில் நீதிபதியாக விளங்கிய அப்துல் ஜப்பார் (இறப்பு 1025), கிறித்தவம் உரோமாபுரியை மாற்றவில்லை, உரோம வழக்கங்களே கிறித்தவத்தை மாற்றின என்ற கருத்தை முன்வைத்தார். பவுலும் கான்ஸ்டன்டைன் பேரரசரும் அவர் காட்டும் திருப்புமுனைகள். அந்தலூசியாவின் இப்னு ஹஸ்ம் (இறப்பு 1064) வேதத்தின் சொற்களே மாற்றப்பட்டன என்றார். பக்ருத்தீன் ராஸி போன்றோர் சொல் மாற்றத்தினும் பொருள் மாற்றத்துக்கே மிகுந்த இடம் தந்தனர். 'தஹ்ரீஃப்' என்னும் கலைச்சொல் இவ்விரண்டையும் குறிக்கும். இவ்விரண்டனுள் எது முதன்மை பெறுகிறது என்பதைப் பொறுத்தே விவாதத்தின் தன்மை அமைகிறது.

பம்பாயும் ஆக்ராவும்

1829இல் பம்பாய்க்கு வந்த ஸ்காட்லாந்து மறைப்பணியாளர் ஜான் வில்சன் (1804-1875), இந்து, பார்சி, முஸ்லிம் அறிஞர்களை அச்சிலும் அவையிலும் விவாதத்துக்கு அழைத்தவர். இந்து சமயத்தை மறுத்து அவர் எழுதிய நூலில் நபிகள் நாயகத்தைப் பற்றி இடம்பெற்ற குறிப்பு, இஸ்பஹானைச் சேர்ந்த ஹாஜி முகம்மது ஹாஷிம் என்பவரை எதிர்நூல் எழுதத் தூண்டியது. அதற்கு வில்சன் 1830களின் தொடக்கத்தில் மறுப்புநூல் வெளியிட்டார். அதுவரை அறிஞரிடையே கையெழுத்துப் படியாக உலவிய வாதம், துறைமுக நகரில் பல மொழி பேசும் வாசகர்க்கு உரிய அச்சுப்பொருளாயிற்று. அச்சுக்கு ஏற்ற வாதம் எது? நுண்ணிய இறையியலைக் காட்டிலும், வசனத்துக்கு வசனம் முரண் காட்டும் முறையே எளிதில் விலைபோகும்.

இம்முறை முழுவடிவம் பெற்றது ஆக்ராவில். 1854 ஏப்ரல் 10, 11 ஆகிய நாள்களில் ஜெர்மானிய மறைப்பணியாளர் பாண்டருக்கும் (மீஸானுல் ஹக் ஆசிரியர்) மௌலானா ரஹ்மத்துல்லா கைரானவிக்கும் பொது விவாதம் நிகழ்ந்தது. கைரானவிக்குத் துணைநின்ற மருத்துவர் வசீர் கான், ஐரோப்பிய விவிலியத் திறனாய்வு நூல்களைக் கற்றிருந்தார். மேலைநாட்டுக் கிறித்தவ அறிஞர்களே தம் வேதத்தின் பாடவேறுபாடுகள் பற்றி எழுதியவற்றை எடுத்துக்காட்டி, எதிர்த்தரப்பை முஸ்லிம் தரப்பு திகைக்க வைத்தது. 1 யோவான் 5:7இல் விண்ணுலகச் சாட்சிகள் மூவரைக் கூறும் பகுதி பிற்சேர்க்கை என்பது அவற்றுள் ஒன்று. இது இன்று விவிலிய அறிஞர் பெரும்பாலோர் ஏற்கும் செய்தி. தமிழிலும் இதன் தடம் உண்டு. சீர்திருத்தத் திருச்சபையினரின் பழைய மொழிபெயர்ப்பில் அப்பகுதி உள்ளது; 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தின் மூலபாடத்தில் அது இடம்பெறவில்லை.

ஆக்ரா விவாதத்தில் கவனிக்கத்தக்க செய்தி மற்றொன்று. ஐந்து பொருள்கள் பற்றி விவாதிப்பதென ஏற்பாடாகியிருந்தது. வேதச் சட்டம் நீக்கப்படுதல், வேதம் மாற்றப்படுதல் என்ற முதலிரண்டோடு விவாதம் முறிந்தது. மூன்றாவதாக இருந்த திரித்துவத்தை அவ்வவை எட்டவே இல்லை. ஓரிறைக் கொள்கையிலிருந்து விலகியது எங்ஙனம் என்ற மூலவினா, ஆவணம் மெய்யா பொய்யா என்ற வினாவின் பின்னால் நின்றுவிட்டது. 1857 கிளர்ச்சிக்குப்பின் மக்காவுக்குப் பெயர்ந்த கைரானவி, துருக்கி சுல்தான் அப்துல் அஸீஸின் விருப்பப்படி 1864இல் 'இழ்ஹாருல் ஹக்' என்னும் அரபுநூலை முடித்தார். திரித்துவ மறுப்பு அதில் உண்டெனினும், நூலின் புகழ் அதன் விவிலியத் திறனாய்வுப் பகுதிகளாலேயே நிலைபெற்றது.

அன்றைய பம்பாய் மாகாணத்தின் சூரத் மாவட்டத்தில் 1918இல் பிறந்து, சிறுவயதிலேயே தென்னாப்பிரிக்கா சென்ற அகமது தீதாத் (இறப்பு 2005), கடையொன்றில் பணிபுரிந்த காலத்தில் இந்நூலைக் கண்டெடுத்ததே தம் விவாத வாழ்வின் தொடக்கம் எனக் கூறியுள்ளார். அவரைப் பின்பற்றி ஜாகிர் நாயக் மும்பையில் 1991இல் நிறுவிய இஸ்லாமிய ஆய்வு நிறுவனம் 2016இல் அரசால் தடைசெய்யப்பட்டது. தமிழில் பி. ஜைனுல் ஆபிதீன் எழுதியனவும் இவ்வழியின் கிளைகள் எனலாம்.

வாதத்தின் வலிமையும் குறையும்

இம்மரபு வழியே பரவிய சில செய்திகள் வரலாற்றுக்கு ஒவ்வாதவை. கி.பி. 325இல் கூடிய நிசேயா சங்கம் நற்செய்தி நூல்களைத் தேர்ந்தெடுத்தது என்பது அவற்றுள் ஒன்று. அச்சங்கம் விவாதித்தது கிறித்துவின் தன்மையையேயன்றி நூற்பட்டியலை அன்று. அங்குத் தோற்ற ஆரியஸ் இஸ்லாத்தின் முன்னோடி என்பதும் பொருந்தாது. மகன் படைக்கப்பட்டவர் என்று அவர் கூறினார் என்பது மெய். ஆயின் உலகுக்கு முன்பே தோன்றி, உலகைப் படைக்கும் கருவியாக நின்றவர் என்றும் அவரே கூறினார். மர்யமின் மகனாகிய நபி அவர் கண்ட கிறித்து அல்லர்.

பவுலே எல்லாவற்றையும் மாற்றினார் என்ற வாதமும் இன்று கடினமாகியுள்ளது. கிறித்தவ எழுத்துகளுள் மிகத் தொன்மையானவை, கி.பி. 50களைச் சார்ந்த பவுலின் மடல்களே. பிலிப்பியர் மடலின் இரண்டாம் அதிகாரத்தில் உள்ள கிறித்துப்பாடல் அவருக்கும் முந்தியது எனப் பல ஆய்வாளர் கருதுவர். இயேசுவை இறைவனோடு சேர்த்துப் போற்றும் வழக்கம் முதல் தலைமுறையிலேயே தோன்றிவிட்டது என்பது லாரி ஹர்ட்டாடோவின் முடிவு. அப்போற்றுதல் வழிபாடே ஆகுமா என ஜேம்ஸ் டன் ஐயுற்றார்.

இம்முடிவு ஆவணவாதத்தைத் தளர்த்துமேயன்றிக் குர்ஆனின் வாதத்தைத் தொடுவதில்லை. மிகை எப்போது நிகழ்ந்தது என்று குர்ஆன் காலம் குறிக்கவில்லை. ஒரு தலைமுறையிலேயே நிகழ்ந்தது என்றாலும் அதற்கு முரணில்லை. மூவர் ஒரே சாரத்தினர், எனவே கடவுள் ஒருவரே என்னும் கிறித்தவர் விடையும் மனம்கொள்ளத்தக்கது. தாம் ஓரிறைக் கொள்கையிலிருந்து விலகவில்லை, அதனை ஆழப்படுத்தினோம் என்பது அவர்தம் துணிபு. இருதரப்பும் உண்மையில் மோதும் இடம் இதுவே; ஆக்ராவில் எட்டப்படாத மூன்றாம் பொருளும் இதுவே.

தமிழ்ச் சொற்களும் இம்மோதலில் பங்கு கொண்டுள்ளன. மூன்றும் ஒன்றும் அடங்கிய 'திரியேகம்' என்ற சொல்லைக் கைவிட்டு 'மூன்று கடவுள் கொள்கை' என எதிர்த்தரப்பு எழுதும்போது, மறுக்கப்படுவது கிறித்தவர் கூறாத ஒன்றாகிவிடுகிறது. 112ஆம் அத்தியாயம் இறைவனுக்கு மறுப்பதும், கிறித்தவத் தமிழின் 'ஒரேபேறான' என்னும் அடைமொழி உணர்த்துவதும் 'பெறு' என்ற ஒரே வினையடியைச் சார்ந்தவை. ஈனுதல், அடைதல் என இருபொருள் படும் அச்சொல்லில் உடல்சார் பொருளைக் களைந்து கேட்பவர் கிறித்தவர். களையாது கேட்பவர் முஸ்லிம்.

தம்மை நோக்கித் திரும்பிய வாதம்

கிறித்தவர் மர்யமின் மகனை அளவு மீறிப் புகழ்ந்ததுபோலத் தம்மைப் புகழலாகாது என நபிகள் நாயகம் விலக்கியதாகப் புகாரியில் ஒரு நபிமொழி உள்ளது. கிறித்தவரின் விலகல் பற்றிய கருத்து இங்கு முஸ்லிம்களுக்கே விடுத்த எச்சரிக்கையாகிறது. 1831இல் பாலாகோட்டில் மறைந்த ஷா இஸ்மாயில், 'தக்வியத்துல் ஈமான்' நூலில் இறைநேசர் வழிபாட்டை இதே நோக்கில் கண்டித்தார். வில்சனுக்குப் பம்பாயில் மறுப்பு எழுதப்பட்ட காலத்தையொட்டியே முஸ்லிம்களிடையேயும் இவ்வாதம் கனன்றுகொண்டிருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

மறுபுறம், பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கவிஞர் பூஸீரி தம் புர்தாவில், கிறித்தவர் தம் நபியைப் பற்றிக் கூறியதை மட்டும் விலக்கி, மற்றபடி எவ்வளவும் புகழலாம் என்ற பொருள்பட ஓரிடத்தில் பாடினார். எல்லையைச் சுட்டும் அவ்வரியே எல்லைக்கு உட்பட்ட பரப்பையெல்லாம் கவிஞனுக்குத் திறந்துவிடுகிறது. காயல்பட்டினத்துச் சதக்கத்துல்லா அப்பாவின் (1632-1703) அரபுப் பாக்களும், உமறுப்புலவரின் சீறாப்புராணமும் அப்பரப்பில் எழுந்தவை. ஆதம் வழியாகத் தலைமுறைதோறும் இறங்கிவரும் பேரொளியை உமறு பாடும் தலைமுறைப் படலம், காப்பிய மரபின் வளங்கள் அனைத்தையும் நபிக்கு வழங்கி, தெய்வம் என்று சொல்வதற்கு ஓரடி முன்னே நிற்கிறது. 1980கள் முதல் தமிழகத்தில் வலுப்பெற்ற தவ்ஹீத் இயக்கத்தார், சுப்ஹான மவ்லிதை மறுத்தபோது கேட்டது அந்த ஓரடி எங்கே என்பதைத்தான். அவர்கள் கிறித்தவரிடம் கேட்ட வினாவும், மவ்லிது ஓதுவோரிடம் கேட்ட வினாவும் ஒன்றே. சீறாவைத் தமிழிலக்கியமாக மட்டும் கற்பிக்கும் வகுப்பறைகளில் இவ்வினா எழுவதில்லை என்பது வியப்புக்குரியது.

மாகிமில் அடங்கியுள்ள மக்தூம் அலி மாஹிமி குர்ஆனுக்கு அரபியில் விரிவுரை எழுதியவர். இப்னு அரபியின் சிந்தனை மரபைச் சார்ந்தவர். ஈசா நபியில் இறைவனின் வெளிப்பாட்டைக் கண்டது கிறித்தவரின் பிழையன்று, அவர் ஒருவரிடத்தில் மட்டும் அதனை அடைத்துவிட்டதே பிழை என்பது அம்மரபில் வழங்கும் விளக்கங்களுள் ஒன்று. அவருடைய அடக்கத்தலத்தில் போர்வை சாத்துவது வழிபாடா எனக் கேட்டால், இபாதத் வேறு, தஃழீம் வேறு என அங்குள்ளோர் விடையிறுப்பர். புனித மிக்கேல் ஆலயத்தில் சகாய மாதாவின் படத்தின்முன் மெழுகுவர்த்தி ஏற்றும் தமிழ்க் கத்தோலிக்கரிடம் அதே வினாவை எழுப்பினால், ஆராதனை இறைவனுக்கு, வணக்கம் மாதாவுக்கு என்பர்.