நிதி நெருக்கடி என்னும் பெயரில் ஆட்குறைப்பு: பல்கலைக்கழகப் பணியாளருக்கான சட்டக் காப்பு

மதுரை நாகமலை புதுக்கோட்டை அருகே அமைந்துள்ள காமராசர் பல்கலைக்கழகம் 1966இல் தொடங்கப்பட்டது. 2022இல் நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி, நூற்றுக்கும் மேற்பட்ட தற்காலிகப் பணியாளர்கள் அங்கிருந்து வெளியேற்றப்பட்டனர். பின்னர் நிரந்தரப் பணியாளர்களும் ஓய்வூதியர்களும்கூட மாத ஊதியத்துக்காகப் போராட நேர்ந்தது. நெருக்கடி எல்லோரையும் தொட்டது. வேலையை முதலில் பறிகொடுத்தவர்களோ கடைநிலையினர்.

நெருக்கடிக்கால ஆட்குறைப்புக்கு நெறி உண்டு. நிதி நெருக்கடியால் ஆசிரியரை நீக்குவதாயின் அந்நெருக்கடி மெய்யானதென நிறுவப்பட வேண்டும் என அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கத்தின் 1940ஆம் ஆண்டு அறிக்கை வரையறுத்தது. அங்குள்ள பல தொழிற்சங்க ஒப்பந்தங்கள் முன்னறிவிப்பு, நீக்க வரிசை, மறுபணி உரிமை ஆகியவற்றை எழுத்தில் தருகின்றன. நம்மிடம் அத்தகைய ஒப்பந்தங்கள் அரிது, சட்டமே துணை.

கல்வி நிறுவனமும் 'தொழில்' என்னும் வரையறைக்குள் வரும் என்று பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978இல் தீர்ப்பளித்தது. ஆசிரியர் 'தொழிலாளர்' ஆகார் என 1988இல் சுந்தராம்பாள் வழக்கு கூறியது. எழுத்தர், தோட்டப் பணியாளர், துப்புரவுப் பணியாளர் போன்றோருக்குக் காப்பு நீடித்தது. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தின் 25எஃப் பிரிவின்படி, ஓராண்டு தொடர்பணி முடித்தவரை நீக்க ஒரு மாத முன்னறிவிப்பும், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியமும் தரவேண்டியிருந்தது. ஓராண்டில் 240 நாள் உழைத்திருந்தாலே அது தொடர்பணி. கடைசியில் சேர்ந்தவரே முதலில் நீக்கப்பட வேண்டும். மீண்டும் ஆளெடுத்தால் நீக்கப்பட்டவருக்கே முன்னுரிமை. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத்தொகுப்பிலும் இவ்விதிகளின் சாரம் உள்ளது; ஆனால் மறுபணி முன்னுரிமை ஓராண்டாகச் சுருங்கிவிட்டது.

ஓட்டைகளும் உண்டு. ஒப்பந்தக் காலம் முடிந்தது என்று கூறிவிட்டால் அது ஆட்குறைப்பே ஆகாது. 2006ஆம் ஆண்டின் உமாதேவி தீர்ப்பு பணிவரன்முறைக் கோரிக்கைக்குத் தடையாகக் காட்டப்படுகிறது. எனினும், நீண்டகாலம் உழைத்தோருக்கு எதிரான ஆயுதமாக அத்தீர்ப்பைப் பயன்படுத்தலாகாது என 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

இதில் சாதி எங்கே வருகிறது? பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு, அதனுள் அருந்ததியருக்கு 3, பழங்குடியினருக்கு 1 என்ற ஒதுக்கீடு இனச்சுழற்சி வழியே நிரந்தரப் பணியிடங்களில் உறுதிப்படுகிறது. இனச்சுழற்சியைத் தவிர்த்துத் தற்காலிகமாகவும் முகமை வழியாகவும் ஆளெடுக்கும்போது அவ்வுறுதி நழுவுகிறது. 'கடைசியில் வந்தவர் முதலில்' என்ற விதியும், பல்கலைக்கழக வாசலுக்குள் தாமதமாகவே அனுமதிக்கப்பட்ட சமூகங்கள்மீது கூடுதலாக இறங்குகிறது.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை தெளிவானவை. ஆட்குறைப்புக்கு முன் வரவு செலவுக் கணக்கு வெளியிடப்பட வேண்டும். பணிமூப்புப் பட்டியலும் நீக்கப்படுவோரின் சமூகப் பிரிவு விவரமும் அறிவிப்புப் பலகையில் இடம்பெற வேண்டும். மறுத்தால் 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அவற்றைக் கோரலாம். நீக்கப்பட்டவர்கள் வருகைப் பதிவு, ஊதியச் சீட்டு, வங்கிக் கணக்கு ஆகியவற்றின் நகல்களைக் காத்துவைத்து, காலக்கெடு முடியுமுன் தொழிலாளர் துறைச் சமரச அலுவலரை அணுக வேண்டும். நெருக்கடி நிர்வாகத்தில் பிறந்தது. அதன் விலையைத் துடைப்பம் ஏந்தியவர் மட்டுமே செலுத்துவது நீதியன்று.